ஆழ்கடலும் ஆயுதபலமும் – 9: அறுப்பவனும் இணைப்பவனும்

காரியத்தில் படு கெட்டிக்காரனாகவும், கண்டவர் சற்றே அஞ்சும்படியானவனாகவும் உள்ள ஒருவனை, ‘அவன் சரியான எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்குச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே இருளோடு இருளாக வந்து நின்று, தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுகளால் கொளுத்திவிட்டு, கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு குறிபார்ப்பதற்குள் வந்த வழியே மறைந்துவிட்ட ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அவ்விதமாக நம் பாஷைக்குள் குடிபுகுந்தது. அந்தக் குண்டுவீச்சை நினைவூட்டும் கல்லொன்றை உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இன்றும் காணலாம். ஆனால், சென்னை நகரத்தையே குலைநடுங்க வைத்து ஜனங்களை மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடச் செய்த அந்த எம்டன், அடுத்த ஏழு வாரங்களுக்குள் எங்கே எதன்பொருட்டு அழிந்தது என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே அதிகம் பேர் இருப்பதாகத் தோன்றவில்லை. அது ஒரு தந்திக் கேபிளை அறுக்கப் போன இடத்தில் அழிந்தது.

சென்ற வாரம் ஆகாயத்து விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி, ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வலையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான மோடங்களைச் செயலிழக்கச் செய்த தாக்குதலையும், அதன் பக்கவிளைவாக ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்து நின்ற விந்தையையும் அங்கே கண்டோம். இந்த வாரம் பார்வையை ஆகாயத்திலிருந்து இறக்கிச் சமுத்திரத்தின் அடித்தளத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது; ஏனெனில், கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளிலும் தரவுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஆகாயவழியே போகாமல், கடலடியில் கிடக்கும் கேபிள்களின் வழியேதான் போய்க்கொண்டிருக்கிறது.

எம்டனின் கதைக்கே திரும்புவோம். இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே, இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் கோகோஸ் தீவுக் கூட்டம் இருக்கிறது. அவற்றுள் டைரக்‌ஷன் தீவு என்ற ஒரு சிறு மணல்திட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று, ஜாவாவிலிருந்து ஒன்று, ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் வழியிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து ஒன்று என மூன்று தந்திக் கேபிள்கள் கரையேறிக் கைகோத்துக்கொண்டன. தென்னை மரங்களும், சில வீடுகளும், ஒரு கம்பியில்லாத் தந்திக் கம்பமும், பொழுதுபோக்க ஒரு டென்னிஸ் மைதானமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தத் திட்டு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கீழ்த்திசைப் பகுதிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்த முடிச்சாக இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் ஆஸ்திரேலியாவின் நேர்வழித் தந்தியைத் துண்டிக்கலாம் என்று கருதிய காப்டன் கார்ல் ஃபான் முல்லர், 1914 நவம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில் தம் கப்பலைத் தீவின் முகத்துவாரத்தில் நிறுத்தி, ஹெல்முத் ஃபான் முக்கே என்ற அதிகாரியின் தலைமையில் ஐம்பது பேரைப் படகுகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்.

தன்னை ஆங்கிலேயக் கப்பல் என்று காட்டிக்கொள்ள எம்டன் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அது கித்தான் துணியால் ஆனது என்பதைக் கரையிலிருந்த சிப்பந்திகள் கண்டுகொண்டார்கள். ஜெர்மானியர் கரையில் கால்வைப்பதற்குள், அறியாத கப்பலொன்று வாயிலில் நிற்கிறது என்று கம்பியில்லாத் தந்தியிலும் கேபிளிலும் செய்தி பறந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் மிக மரியாதையாகவே நடந்தது. கம்பத்தை வெடிவைத்துச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிப்பந்திகள் கேட்டுக்கொள்ள, ஃபான் முக்கே அவ்விதமே வேறு திசையில் சாய்த்துக் கொடுத்தாராம். கருவிகளை உடைத்தார்கள்; கேபிள்களைக் கடலுக்குள்ளிருந்து இழுத்துக் கோடரியால் வெட்ட வெகுநேரம் பாடுபட்டார்கள். ஆஸ்திரேலியக் கேபிள் ஒன்று அறுபட்டது. அதன்பின் அவர்கள் அரும்பாடுபட்டு அறுத்தது, எதிரியை ஏமாற்றுவதற்கென்றே முன்னெச்சரிக்கையாகப் போட்டுவைத்திருந்த ஒரு பொய்க் கேபிள்.

இதற்குள், ஐம்பது மைல் சுமாருக்கு அப்பால் முப்பத்தெட்டு துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல், அந்த முதற்செய்தியைக் கேட்டுத் திசைதிரும்பி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. கரையிறங்கிய ஐம்பது பேரையும் விட்டுவிட்டு எம்டன் நங்கூரம் தூக்க நேர்ந்தது. முற்பகல் முடிவதற்குள், நூற்றுக்கும் மேற்பட்ட தன் மாலுமிகளை இழந்து, உடல் முழுவதும் துளைபட்டு, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் அது ஏறி நின்றுவிட்டது. ஃபான் முக்கேயும் அவருடைய ஆட்களும் அங்கிருந்த ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு சுமத்திராவுக்கும், பின் அரேபியாவின் வழியே கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போய்ச் சேர்ந்தது தனியே ஒரு புத்தகத்துக்குரிய சாகசம். நமக்கு வேண்டியது வேறு. ஜெர்மானியர் போன கையோடு, தீவின் சிப்பந்திகள் ஒளித்துவைத்திருந்த உதிரிக் கருவிகளை வெளியே எடுத்து, வேலையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். எம்டன் தன் உயிரைக் கொடுத்து அறுத்த கேபிளை இணைத்துக் கொள்ளும் சாமர்த்தியம் எதிர்த்தரப்பில் இருந்தது. இந்தத் தொடரின் இந்தப் பகுதி முழுவதிலும் நான் சொல்ல வருகிற விஷயத்தின் வித்து அந்த மணல்திட்டில்தான் இருக்கிறது.

அதே யுத்தத்தின் தொடக்கத்தில், அறுக்கும் காரியத்தைப் பிரிட்டிஷார் எவ்வளவு வேறுவிதமாகச் செய்தார்கள் என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு யுத்தம் தொடங்கியது. மறுநாள் பொழுது விடிவதற்குள், அலர்ட் என்ற ஒரு கேபிள் கப்பல் டோவர் துறையிலிருந்து புறப்பட்டு ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் ஐந்து கேபிள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே தூக்கி அறுத்துப் போட்டது. அவை ஐந்தும் கரையேறிய ஊர், சென்னையைச் சுட்ட கப்பலுக்குப் பெயர் தந்த எம்டன் என்ற துறைமுகப் பட்டினமே. ஜெர்மனியால் அவற்றைத் திரும்ப இணைக்க முடியவில்லை. கடல் பிரிட்டனின் ஆதிக்கத்தில் இருந்தது. அதற்குப்பின் கடல் கடந்த ராஜாங்கச் செய்திகளை ஜெர்மனி கம்பியில்லாத் தந்தியிலும், பிறர் தயவில் அவர்களுடைய கேபிள்களிலும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1917 ஜனவரியில் வெளிநாட்டு மந்திரி சிம்மர்மன், மெக்ஸிகோவைத் தம் பக்கம் இழுக்க அனுப்பிய ரகசியத் தந்தி, பெர்லினில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் வழியைக் கடன்வாங்கிக்கொண்டு கோபன்ஹேகன் வழியாக லண்டனைக் கடந்தபோது, பிரிட்டிஷ் கடற்படையின் ‘அறை 40’ என்ற சங்கேதப் பிரிவினர் அதை எடுத்துப் படித்துவிட்டனர். மார்ச்சு முதல் தேதி அது பத்திரிகைகளில் வெளிவந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது.

பிரிட்டனுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? கேபிள்களின் எண்ணிக்கையிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. 1896ஆம் வருஷத்தில் உலகத்திலிருந்த கேபிள் கப்பல்கள் 30. அவற்றுள் 24 பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குச் சொந்தம். கேபிளுக்கு உறையாகிய கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் மலாய்ப் பிரதேசத்திலிருந்து அவர்கள் கைக்கே வந்தது. 1902இல் பசிபிக் சமுத்திரத்துக் கேபிளும் முடிந்தபோது, தம் கொடி பறக்கும் நிலங்களை மட்டுமே தொட்டுக்கொண்டு உலகைச் சுற்றிவரும் தந்திப் பாதை அவர்களுக்கு அமைந்துவிட்டது. ஓரிடத்தில் அறுந்தால் மறுபுறம் சுற்றிப் போகலாம். அறுந்த இடத்துக்கு உடனே ஒரு கப்பலை அனுப்பலாம். அறுக்கும் கத்தி யாரிடமும் இருக்கலாம். இந்த இரண்டு வசதியும் அவர்களிடம் மட்டுமே இருந்தன.

இன்றைய கேபிள் எப்படிப்பட்டது என்பதை நான் புத்தகங்களில் படித்து அறிந்ததைவிட, ஒரு மனிதரிடமிருந்து அறிந்ததே அதிகம். தூத்துக்குடியைச் சேர்ந்த அவர், அந்நிய நாட்டுக் கேபிள் கப்பல்களில் இருபது வருஷங்களுக்கு மேல் இழை இணைப்பவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவரானதால் நான் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கைச்சாண் நீளமுள்ள ஒரு கறுப்புத் துண்டை மேஜைமேல் வைத்து, “இதுதான் தம்பி நடுக்கடல்ல கெடக்கறது, பாத்துக்கிடுங்க” என்றார். கட்டைவிரல் கனத்துக்குமேல் இல்லை. தோட்டத்துக்கு நீர்பாய்ச்சும் குழாய் இதைவிடப் பருமனாக இருக்கும். வெட்டுமுகத்தைத் திருப்பிக் காட்டினார்: வெளியே கறுப்புப் பிளாஸ்டிக் உறை, அதனுள் ஒரு செம்புக் குழாய், அதனுள் நெருக்கமாக முறுக்கிய எஃகுக் கம்பிகள், அவற்றின் நடுவே ஒரு சிறு குழாயில், களிம்புபோன்ற பொருளில் மிதந்தபடி, தலைமயிர் கனமே உள்ள கண்ணாடி இழைகள் சில. அந்த இழைகளில்தான் ஒளித்துடிப்புகளாக உலகத்தின் பேச்செல்லாம் ஓடுகிறது. அறுபது முதல் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒளியைப் பெருக்கி அனுப்பும் கருவிகளைக் கோத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்து அந்தச் செம்பின் வழியே போகிறது. அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே 2021இல் இயங்கத் தொடங்கிய டுனான்ட் கேபிளில் பன்னிரண்டு ஜோடி இழைகளே உண்டு. விநாடிக்கு 250 டெராபிட் தரவை அவை சுமக்கும்படி அமைந்திருக்கின்றன. உலகக் கடல்களின் அடியில் கிடக்கும் இத்தகைய கேபிள்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர்.

இதற்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், நெவாடாப் பாலைவனத்தில் ஓர் அறையில் அமர்ந்தபடி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆளில்லா விமானத்தை ஓட்டும் அமெரிக்கச் சிப்பாயை நினைத்துக்கொள்ளட்டும். அவனுடைய கைச்சைகை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கண்ணாடி இழையின் வழியே கடந்து ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் தளத்தை அடைந்து, அங்கிருந்துதான் செயற்கைக்கோளுக்கு ஏறுகிறது. படம், வரைபடம், வேவுச் செய்தி, உணவுக் கணக்கு, சம்பளப் பட்டியல் யாவும் இவ்வழியே போகின்றன. போர்க்களத்து முடிவுகளை இயந்திர அறிவின் துணையோடு எடுக்கும் காலம் நெருங்க நெருங்க, எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் கணிப்பொறிகளுக்கும் களத்திலிருக்கும் படைக்கும் நடுவே உள்ள இந்த மெல்லிய இழையின் பாரம் இன்னும் ஏறத்தான் போகிறது.

இனி, அறுபட்ட சில இடங்களுக்குப் போய்ப் பார்ப்போம். தைவான் அரசின் ஆட்சியிலிருந்தாலும், சீனப் பெருநிலத்தின் கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்னும்படி கிடக்கும் மாட்ஸு தீவுகளில் ஏறத்தாழ 14,000 பேர் வசிக்கிறார்கள். அவர்களுக்கும் தைவானுக்கும் இடையே இரண்டே கேபிள்கள். 2023 பிப்ரவரி 2ஆம் தேதி ஒன்று அறுந்தது. 8ஆம் தேதி மற்றது அறுந்தது. முதலதை ஒரு சீன மீன்பிடி படகும், இரண்டாவதை ஒரு சீனச் சரக்குக் கப்பலும் அறுத்ததாகத் தைவான் அதிகாரிகள் தெரிவித்தார்கள். வேண்டுமென்றே செய்ததாக அவர்கள் குற்றம் சாட்டவில்லை. முந்தைய ஐந்து வருஷங்களில் அந்தக் கேபிள்கள் இருபது தடவைக்குமேல் பழுதுபட்டிருந்தன. இம்முறை இரண்டும் ஒரே சமயத்தில் போனதால், நுண்ணலைக் கோபுரத்தின் மூலம் வந்த சொற்பத் தொடர்பை வைத்துக்கொண்டு தீவினர் காலந்தள்ள வேண்டியதாயிற்று. ஒரு குறுஞ்செய்தி போய்ச்சேரப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆயிற்று; விடுதி நடத்துபவர்கள் அறை கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் போட முடியாமல் திகைத்தார்கள். பழுதுபார்க்கும் கப்பலுக்கு முன்பே பலர் வரிசையில் காத்திருந்தபடியால், தொடர்பு முழுவதும் திரும்ப மார்ச்சு இறுதி ஆகிவிட்டது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒருவர் மடியவில்லை, ஆயினும் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் ஒரு ஜனசமூகம் உலகத்திலிருந்து விலக்கப்பட்டுக் கிடந்தது. தைவானின் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்பவர்கள் அந்த ஐம்பது நாட்களை ஒரு பெரிய தீவுக்கு நேரக்கூடியதன் ஒத்திகையாகவே கண்டு கவலைகொண்டார்கள். அந்தக் கவலை நியாயமானது என்பதே என் அபிப்பிராயமும்.

பால்டிக் கடலில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2024 நவம்பர் 17, 18 தேதிகளில் ஸ்வீடனுக்கும் லித்துவேனியாவுக்கும் இடையே ஒன்று, பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஒன்று என இரண்டு கேபிள்கள் அறுந்தபோது, யி பெங் 3 என்ற சீனச் சரக்குக் கப்பல்மேல் சந்தேகம் விழுந்தது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே உள்ள எஸ்ட்லிங்க் 2 என்ற மின்வடமும் சில தொலைத்தொடர்புக் கேபிள்களும் போயின. ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை வெகுதூரம் இழுத்துச் சென்றதாகச் சொல்லி, பின்லாந்துக் காவலர்கள் அதில் ஏறி அதைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே நேட்டோ அணியினர் பால்டிக் கடலில் தனிக் காவலை ஏற்படுத்தினார்கள். ஆனால் 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், சம்பவம் நடந்தது தன் அதிகார எல்லைக்கு வெளியே என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

சட்டத்தின் இந்தக் கையாலாகாத்தனம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. கடலடித் தந்திகளைக் காப்பதற்கென்று 1884இல் பாரிஸ் நகரில் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பதினைந்தாவது ஷரத்து, யுத்தத்தில் ஈடுபட்டவர்களின் செயற்சுதந்திரத்தை இது எவ்விதத்திலும் கட்டுப்படுத்தாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சமாதான காலத்துக் குற்றவாளியைத் தண்டிக்கும் பொறுப்போ, அவன் கப்பலில் எந்தக் கொடி பறக்கிறதோ அந்தத் தேசத்தைச் சேர்ந்தது. 1959 பிப்ரவரியில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கேபிள்கள் ஐந்து அறுந்தபோது, அமெரிக்கக் கடற்படையினர் அந்த உடன்படிக்கையைக் காட்டி நோவோரோசிஸ்க் என்ற சோவியத் மீன்பிடிக் கப்பலில் ஏறிச் சோதனையிட்டதுண்டு. ஆனால் சோதித்துப் பார்த்து இறங்கிப் போவதற்குமேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். வருஷந்தோறும் உலகில் நூற்றைம்பது முதல் இருநூறு கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மீன்வலைகளாலும் நங்கூரங்களாலும் தற்செயலாக நேர்பவை. பகைமையோடு அறுப்பவனுக்கு இதைவிட நல்ல மறைவிடம் வேறு கிடைக்காது. அவன் மாலுமியின் அஜாக்கிரதை என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறான். பழிசுமத்த வருபவனோ பிரமாணம் தேடிக் கடலடியில் தடவ வேண்டியிருக்கிறது.

யேமன் கரைக்கு அப்பால், 2024 பிப்ரவரி 18ஆம் தேதி ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணையால் தாக்குண்ட ரூபிமார் என்ற சரக்குக் கப்பல், மாலுமிகள் கைவிட்ட பிறகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டே நாட்கணக்கில் மிதந்து சென்று, செங்கடலில் மூன்று கேபிள்களை அறுத்த பின் மார்ச்சு 2ஆம் தேதி மூழ்கியது. கேபிளை அறுக்க வேண்டும் என்று அங்கே யாரும் உத்தேசிக்கவில்லை. ஆனால் அதன்பின் நடந்ததே கவனத்துக்குரியது. அறுந்த இடத்துக்குப் பழுதுபார்க்கும் கப்பல் போகவேண்டுமானால், இரண்டாகப் பிளந்து கிடக்கும் யேமன் தேசத்தில் யாரிடம் அனுமதி கேட்பது? குண்டுகள் பறக்கும் கடலில், ஒரே இடத்தில் நாட்கணக்காக அசையாமல் நின்று வேலை செய்யவேண்டிய கப்பலுக்கு எந்தக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பேற்கும்? ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையேயான அந்தக் கேபிள்கள் பல மாதங்கள் அறுந்தே கிடந்தன. இணைப்பவனை அண்டவிடாமல் செய்தாலே போதும், அறுக்க ஒரு நங்கூரம் மிதந்து வந்துவிடும் என்பதைச் செங்கடல் உலகத்துக்குக் காட்டிவிட்டது.

இணைப்பது என்றால் என்ன என்பதை அண்ணாச்சி எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் விளக்கினார். கரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பழுது எத்தனையாவது கிலோமீட்டரில் என்று கண்டுபிடிக்கிறார்கள். கப்பல் அங்கே போய், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நாம் விடுகிறோமே பாதாளக்கரண்டி, அதே ஜாதியைச் சேர்ந்த பெரிய கொக்கிகளை, மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கயிற்றில் இறக்கி, கேபிள் கிடக்கும் வழிக்குக் குறுக்கே மெல்ல மெல்ல இழுத்துச் செல்கிறது. “கயத்துல கைவச்சு நிப்போம். சிக்குச்சுன்னா இழுவை மாறும். அது கைக்குத் தெரியும், மிஷின் சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்” என்றார். சில சமயம் ஒரே இழுவையில் சிக்கும். சில சமயம் மூன்று நாள் இழுத்தும் சேறுதான் வரும். ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, மிதவையில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தேடப் போகவேண்டும். இரண்டும் கிடைத்தபின், கப்பலிலுள்ள தூசியற்ற ஓர் அறையில் இணைப்பவர் அமர்ந்து, இழைகளை உரித்துத் துடைத்து, முனைகளைச் சீராக வெட்டி, நுண்ணோக்கியின் அடியில் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் ஒன்றாக உருக்கி ஒட்டுகிறார். வெளியே கடல் கொந்தளிக்கும். உள்ளே மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஓர் இழையில் ஒளி சற்றே கசிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பம். இடையில் சேர்த்த புதிய துண்டினால் கேபிள் முன்னைவிட நீண்டுவிடுவதால், கடைசியில் அது ஒரு வளையமாகக் கப்பலின் முகப்பிலிருந்து கடலுக்குள் நழுவுகிறது. அந்த வளையம் மறையும்போது கப்பலில் எவரும் பேசுவதில்லை என்று அவர் சொன்னபோது, அவருடைய குரலும் சற்றுத் தணிந்தது.

இவ்வேலையைச் செய்யக்கூடிய கப்பல்கள், கேபிள் போடுபவற்றையும் சேர்த்து எண்ணினாலும், உலகம் முழுவதிலும் நூறு இல்லை. அவற்றில் பல வயதானவை. ராணுவப் போட்டி என்றவுடன் நாம் விமானந்தாங்கிக் கப்பல்களையும் ஏவுகணைகளையும் எண்ணிப் பார்க்கிறோம். 2025 மார்ச்சில், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் கவசக் கேபிளை அறுக்கவல்ல ஒரு கருவியைச் சீன ஆய்வு நிலையமொன்று உருவாக்கியதாகச் செய்தி வந்தபோது உலகப் பத்திரிகைகள் யாவும் அதைப் பெரிதாக எழுதின. ரஷ்யாவின் யாந்தர் என்ற கப்பல் பிரிட்டனை அடுத்த கடல்களில் கேபிள்களின்மேல் சுற்றித் திரிவதைப் பற்றி 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரியே பார்லிமெண்டில் பேசினார். இவை அலட்சியம் செய்யத் தக்கவை என்று நான் சொல்லவில்லை. எனினும், அமெரிக்கா தன் கொடி பறக்கும் இரண்டு கேபிள் கப்பல்களை ஆபத்துக் காலத்துக்கென்று மானியம் கொடுத்து நிறுத்திவைத்திருக்கும் செய்தியை அவற்றுக்குச் சமமாக நான் மதிக்கிறேன். சென்ற நூற்றாண்டில் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் தேசங்கள் செய்த ஏற்பாட்டை, இனி இழை இணைக்கும் கைகளுக்கும் செய்யவேண்டியிருக்கும்.

யார் அறுப்பார் என்பதைப் போலவே, யார் போடுவார் என்பதும் போட்டிக்குரிய விஷயமாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்ஸேய் வரை, சென்னையையும் தொட்டுக்கொண்டு போகும் ஸீ-மீ-வீ 6 என்ற கேபிளைப் போடுவதற்கு எச்.எம்.என். டெக் என்ற சீன நிறுவனம் குறைந்த விலை கேட்டிருந்தும், அமெரிக்க அரசாங்கத்தின் பலத்த முயற்சியால் 2022இல் அந்தக் காரியம் சப்காம் என்ற அமெரிக்கக் கம்பெனிக்குப் போயிற்று. அதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹாங்காங் வரை உத்தேசித்த ஒரு கேபிளின் ஹாங்காங் கிளையை அமெரிக்கா அனுமதிக்கவில்லை. தன் செய்தியைப் பிறன் கேட்டுவிடுவான் என்ற அச்சம் இருபுறமும் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது: 1970களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களே ஓகாட்ஸ்க் கடலில் சோவியத் கடற்படையின் கேபிள்மேல் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தி, பல வருஷங்கள் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தன, ரோனால்ட் பெல்டன் என்ற முன்னாள் உளவுத்துறைச் சிப்பந்தி 35,000 டாலருக்கு அதைக் காட்டிக்கொடுத்த பிறகே அது நின்றது. இப்போதோ கேபிளே காதாக மாறிவருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, வழிநெடுகிலும் திரும்பிச் சிதறும் நுண்ணொளியை அளந்தால், இழையைத் தீண்டும் அதிர்வுகளெல்லாம் தெரிந்துவிடுகின்றன. பூகம்பத்தையும், ஸ்வால்பார்டுத் தீவுக்கருகே திமிங்கிலத்தின் பாட்டையும் இவ்விதம் விஞ்ஞானிகள் கேட்டிருக்கிறார்கள். திமிங்கிலத்தைக் கேட்கும் காது ஒருநாள் நீர்மூழ்கிக் கப்பலையும் கேட்கக்கூடும் என்பதைக் கடற்படைத் தளபதிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கரைக்கு வருவோம். 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போயிற்று. அதே வங்கக் கடலின் அடியில், 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் அந்தமான் நிகோபாரின் வேறு ஏழு தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கேபிள் இயங்குகிறது. அதற்குமுன் அந்தத் தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. மலாக்கா ஜலசந்தியின் மேல்வாயிலைப் பார்த்தபடி அங்கே அமைந்திருக்கும் முப்படைக் கூட்டுத் தளத்துக்கு அந்தக் கேபிள் எத்தகைய பிராணநாடி என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் அது அறுந்தால்? இந்தியக் கொடி பறக்கும் பழுதுபார்ப்புக் கப்பல் நம்மிடம் இல்லாத குறையையும், அந்நியக் கப்பலை வரவழைத்து அனுமதிகள் பெறுவதற்குள் ஆகும் தாமதத்தையும் எடுத்துக்காட்டி, அத்தகைய கப்பல்களை நாமே வைத்துக்கொள்ள ஊக்கமளிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூனில் பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரையின் சாரத்தை அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்து, அதன் முனையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். “கப்பலக் காசு குடுத்து வாங்கிரலாம் தம்பி. உள்ள உக்காந்து ஒட்டறதுக்குப் பயலுவ வேணும்லா? ஒருத்தன் கை பழகறதுக்கு அஞ்சு வருசம் ஆவும்” என்றார். பிறகு, தம் வலக்கையை நீட்டி எனக்குக் காட்டினார். விரல்கள் இலேசாக நடுங்கின. “எனக்கு இனிமே ஓடாது. ஆனா வந்து கேட்டாங்கன்னா உக்காந்து சொல்லிக் குடுப்பேன். அட்ரஸ எழுதிக்கிட்டுப் போங்க.”

எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.